முடிச்சில் சேராத நார்

கிணற்றுக்கு மேலே நீண்டிருந்த கருவேலங்கிளையில் பாதிக்கூடு கட்டிவிட்டு, ஆண் தூக்கணாங்குருவி அதைப் பார்க்கப் பெண்குருவியைக் கூப்பிட்டது. பெண்குருவிக்கோ முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது.

"ஆட்டிப் பார்த்துட்டேன் புள்ள, அசையாது."

"நீங்க சொன்னா போதுமா? கீழே தண்ணி கிடக்கு." பெண்குருவி ஒவ்வொரு நாராக அலகால் பிடித்து, அது கிளையில் எந்த முடிச்சில் போய்ச் சேருகிறது என்று பார்த்துக்கொண்டே போனது.

"மாப்பிள்ளை பார்க்க வந்த மாமியாரே உன்கிட்ட தோத்துப் போவா!" என்று ஆண் சிரித்தது.

ஒரு நார் மட்டும் எந்த முடிச்சுக்கும் போகவில்லை. சும்மா செருகியிருந்தது.

ஆணின் சிரிப்பு நின்றது. "அன்னைக்கு மழை. அப்புறம் கட்டலாம்னு விட்டது... மறந்தே போச்சு."

"கட்டுங்க, நான் பிடிச்சுக்கறேன்."

முடிச்சு இறுகியதும் பெண்குருவி மறுபடி முதல் நாருக்குப் போனது. இந்தத் தடவை ஆணே முன்னால் ஓடி, "இது இங்கே, இது இங்கே" என்று காட்டியது. கடைசி நாரும் கிளை முடிச்சில் போய்ச் சேர்வதைப் பார்த்ததும் பெண்குருவி உள்ளே போய் உட்கார்ந்தது.