பதினேழு நாள் தூசி

“இதைவிட எடை கம்மியா இல்லையா தம்பி?”

கண்ணாடி மேசைமேல் நின்ற, தூசி ஊதும் ஏர் டஸ்டர்களில் எதையும் கையில் தொடாமலேயே கேட்டார் லாசரஸ். ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த அந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஏசி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது.

கடைக்காரர் ரவூப் சிரித்தார். “ஒரு கிலோகூட வராது அங்கிள். கார்ட்லெஸ், ஒயர் தொல்லை இல்லை. கம்ப்யூட்டர் உள்ள இருக்கிற தூசியெல்லாம் ஒரே ஊதுல பறந்துடும்.”

“பறந்து மூஞ்சிக்கு வருமா?”

“கொஞ்சம் வரும் லா. தும்மல் வந்தா தும்மிட்டுப் போங்க.”

“தும்மவே கூடாது,” என்றார் லாசரஸ் அவசரமாக.

ரவூப் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆறடி உயரம், அகன்ற தோள். இந்த உடம்பு ஒரு கிலோவுக்கும் ஒரு தும்மலுக்கும் இப்படிப் பயந்தால் யாருக்குத்தான் விசித்திரமாக இருக்காது?

“அப்ப மாஸ்க் போட்டுக்குங்க. இதைப் பாருங்க, நானூறு கிராம்தான்.”

“ஆன் பண்ணினா கையை உதறுமா?”

“உதறாது அங்கிள். ஆனா இது சின்னது, தூசி ரொம்ப இருந்தா நேரம் எடுக்கும். எவ்வளவு இருக்கு?”

லாசரஸ் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். புக்கிட் பாஞ்சாங்கில் அவர் வீட்டுக்கு எதிர் அடுக்குமாடி புளோக்கில் பெயிண்ட் அடிக்கச் சுவரைச் சுரண்டுகிறார்கள். இவர் ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டார். கீபோர்டில் எழுத்தே தெரியவில்லை. பிரிண்டர், மோடம், டிவி எல்லாவற்றிலும் வெள்ளை வெளேரென்று தூசி.

“அடேங்கப்பா! முதல்ல ஒரு துணி எடுத்து அழுத்தித் துடைங்க அங்கிள். பாதி வேலை முடிஞ்சிடும்.”

“அதெல்லாம் என்னால ஆகாது.”

சரியான சோம்பேறி என்று ரவூப் நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று லாசரஸ் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு.

“அஞ்சரைக்கு என் வைஃப் பெர்த்ல இருந்து ஃப்ளைட்ல வந்து இறங்குறா. எங்க மக நடாலிக்குப் பிரசவம், அதுக்குப் போயிருந்தா. வந்ததும் கம்ப்யூட்டரைப் பார்த்தான்னா அவ்வளவுதான், கண்டுபிடிச்சிடுவா.”

“என்னத்தைக் கண்டுபிடிப்பாங்க?”

பதற்றத்தில் வாய் தானாக உளறியது. “தினமும் அதுல உட்கார்ந்துதான் உன்கூடப் பேசுறேன், கேமராதான் கெட்டுப்போச்சுன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். பதினேழு நாளா நான் வீட்லயே இல்லை தம்பி.”

“பின்னே எங்க இருந்தீங்க?”

“வேற ஒரு இடத்துல.”

“ஆன்ட்டிக்குத் தெரியாதா?”

“தெரியவே கூடாது.”

ரவூப்பின் சிரிப்பு அணைந்தது. அதுவரை வார்த்தைக்கு வார்த்தை வந்த ‘அங்கிள்’ அதோடு நின்றுபோனது.

“கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டு ஊதுங்க. உள்ள ஃபேன் சுத்தாம ஒரு விரலால பிடிச்சுக்கணும். சார்ஜ் பாதிதான் இருக்கு,” என்று பையை நீட்டியவர், “மகளைப் பார்க்கப் போன நேரத்துல… ஆன்ட்டி பாவம்,” என்று முணுமுணுத்தார்.

லாசரஸுக்குச் சுருக்கென்றது. பையை வாங்கிக்கொண்டு நடந்தார். டாக்சி பிடிக்க வேண்டும்.

ஏழு மணிக்கு மனைவி உர்சுலா வீட்டுக்குள் நுழைந்தபோது கம்ப்யூட்டர் பளபளவென்று மின்னியது. உட்கார்ந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, கடைசித் தூசியை ஊதி முடித்துப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

“ஏர்போர்ட்டுக்குக்கூட வரலை பாருங்க,” என்று குறைப்பட்டபடியே அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். கீபோர்டின்மேல் விரலை ஓட்டி, விரலையும் பார்த்தாள். தப்பித்தோம் என்று லாசரஸ் மனசுக்குள் சிலுவை போட்டுக்கொண்டார்.

“யாரு வந்து சுத்தம் பண்ணினது?”

“நான்தான்.”

“கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு கரண்டியைக் கழுவி வெச்சிருக்கீங்களா நீங்க?”

உர்சுலா கம்ப்யூட்டரை ஆன் பண்ணிக் கேமராவைத் தட்டினாள். திரையில் அவள் முகமே பளிச்சென்று வந்து நின்றது.

“கேமரா நல்லாத்தானே இருக்கு! ஏன் முகத்தைக் காட்டலை? என்னங்க, உங்களைத்தான் கேட்கிறேன்.” பக்கத்தில் வந்து அவர் சட்டையைப் பிடிக்கப் போனாள்.

லாசரஸ் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார். “கிட்ட வராதே உர்சுலா!”

அவள் அப்படியே நின்றாள். கண் நிறைந்துவிட்டது. அழுகையை அடக்க முடியவில்லை அவளால்.

“கிட்டகூட வரக் கூடாதா? யாரு அவ? இத்தனை நாளா யாரு வீட்ல இருந்தீங்க?”

லாசரஸ் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். தொண்டைக்குழிக்குக் கீழே தொடங்கி நெஞ்சின் நடுவே நேராக இறங்கியது, இன்னும் சிவப்பு மாறாத தையல்.

“சொல்லியிருந்தா, நடாலியைப் பிரசவ வார்டுல தனியா விட்டுட்டு நீ என் வார்டுக்கு ஓடி வந்திருப்பே.”