ஒரு நாள் லீவு

"பஞ்சாமிர்தம் எங்கடா?"

மொட்டைத் தலையும் கோட்டுமாக யோகேஷ் மில் வாசலில் வந்து நின்றதும் அனிஷா கேட்ட முதல் கேள்வி அதுதான். மீசையையும் எடுத்திருந்தான். பத்தாம் வகுப்புப் பையனுக்கு யாரோ அண்ணனின் கோட்டை மாட்டிவிட்டது போல இருந்தது.

"மறந்துட்டேன்" என்றான்.

"பழனிக்குப் போயிட்டு அதை மறந்த ஒரே ஆளு நீதான். எனக்குத் தரக் கூடாதுன்னு வீட்டுல ஒளிச்சு வச்சிருப்ப."

அவன் சிரிக்கவில்லை. லேப்டாப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனான்.

இருவருமே திண்டுக்கல்காரர்கள். சென்னையில் ஒரே கல்லூரியில் எம்.பி.ஏ. படிக்கிறவர்கள். கோடை விடுமுறையில் மும்பை முதலீட்டு வங்கி ஒன்றில் இரண்டு மாதப் பயிற்சி. வடமதுரைப் பக்கம் விலைக்கு வந்திருந்த இந்த நூல் மில்லின் விற்பனையை அந்த வங்கிதான் நடத்தியது. வாங்குகிறவருக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கைக்காக, கடைசி இரண்டு வாரம் அவர்களைச் சொந்த ஊருக்கே அனுப்பியிருந்தார்கள்.

இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் வங்கியில் வேலை. யாருக்கு என்பதை மேலதிகாரி கமலக்கண்ணன் இன்று மாலை சொல்வார். கீரனூரில் பிறந்து, மும்பைக்குப் போய் இருபது வருடம் ஆனவர். முதல் நாள் அவர் சொன்னது அனிஷாவுக்கு மனப்பாடம்.

"போன வருஷம் ஒருத்தன் அக்கா கல்யாணத்துக்கு மூணு நாள் லீவு கேட்டான். கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு."

அவள் ஐம்பத்தெட்டு நாளில் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. காய்ச்சலோடு அலுவலகத்தில் உட்கார்ந்து, கண் எரிய எரிய அறிக்கை திருத்தியிருக்கிறாள். அம்மா டீச்சர் வேலையிலிருந்து அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். அதற்குப் பிறகு வீட்டுக்கு இவள்தான். நேற்று விடிந்ததும், 'பழனியில் வேண்டுதல், ஒரு நாள் லீவு வேண்டும் சார்' என்று யோகேஷ் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டபோது, மனதுக்குள் அந்தோணியாருக்கு நன்றி சொன்னாள். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பத்து மணிக்குக் கமலக்கண்ணன் வந்தார். யோகேஷைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னப்பா இது?"

"பழனி மொட்டை சார். வேண்டுதல்."

அவர் அவன் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். திட்டப்போகிறார் என்று அனிஷா காத்திருந்தாள்.

"சரி. மெஷின் லிஸ்ட் முடிஞ்சுதா?"

"மதியத்துக்குள்ள முடிச்சிர்றேன் சார்."

சொன்னபடி முடித்தான். மில்காரர்கள் கொடுத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இயந்திரமாகப் போய் நின்று எண்ணைச் சரிபார்த்தான். பட்டியலில் இருந்த நான்கு இயந்திரங்கள் மில்லில் எங்குமே இல்லை என்பதை அவன்தான் கண்டுபிடித்தான். மொட்டைத் தலையில் பஞ்சுத் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

ஒரு மணிக்கு அவன் போன் அதிர்ந்தது. தினமும் அந்த நேரத்துக்கு அவன் அப்பா கூப்பிட்டு, "சாப்டியா அப்பு?" என்பார். மில் இரைச்சலையும் மீறி அந்தக் குரல் அனிஷா வரைக்கும் கேட்கும். இன்று யோகேஷ் எடுக்கவில்லை.

"அப்பாதான? எடுத்துப் பேசுடா, கோவிச்சுக்கப் போறாரு."

"சித்தப்பா" என்றபடி போனைக் கவிழ்த்து வைத்தான். அது மறுபடி மறுபடி அதிர்ந்துகொண்டே இருந்தது.

"இம்புட்டு தடவை கூப்பிடுறாரே, என்னன்னு கேளேன்."

"வீட்டுல ஆளுக வந்திருக்காக. அதான்."

ஐந்து மணிக்கு அறிக்கை மும்பைக்குப் போனது. மூவரும் காரில் திண்டுக்கல்லுக்குத் திரும்பினார்கள். கமலக்கண்ணன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

நாகல்நகர் வந்ததும் யோகேஷ், "இங்கயே நிறுத்துங்கண்ணே" என்று டிரைவரிடம் சொன்னான்.

"வீடு இன்னும் மூணு தெரு தள்ளியில்ல இருக்கு? வாசல்லயே இறக்கி விடச் சொல்றேன்டா" என்றாள் அனிஷா.

"வேணாம். கார் திரும்பாது."

கதவைத் திறந்தவனிடம், கமலக்கண்ணன் திரும்பாமலே சொன்னார்.

"யோகேஷ், வேலை உனக்குத்தான். லெட்டர் திங்கக்கிழமை வரும்."

"சரிங்க சார்."

அவ்வளவுதான் சொன்னான். இறங்கி நாலு எட்டு வைத்ததும் கோட்டைக் கழற்றினான். அதைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகத் தெருவுக்குள் போனான்.

கேட்கக் கூடாது என்றுதான் அனிஷா நினைத்தாள். முடியவில்லை.

"சார், நான் ஒரு நாள்கூட லீவு எடுக்கல. காய்ச்சல்லகூட வந்தேன். அவன் சாமி கும்பிடப் போயிட்டு வந்திருக்கான். அவனுக்கு எப்படி சார்?"

கமலக்கண்ணன் தெருவுக்குள் தேய்ந்து மறையும் அந்த மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் ஒன்று தன் மீசையை மெதுவாகத் தடவியது.

"எங்கப்பனை எரிச்ச மறுநாள், நானும் பழனி மொட்டைன்னு சொல்லிட்டுத்தாம்மா வேலைக்கு வந்தேன்."