முப்பத்தோராம் நம்பர்

“நாலு தரமோ? இன்னும் பத்தரை ஆகேல்லையே.”

“ஓம் சேர். நேற்று முழுநாளுக்கும் ஏழு.”

“ஆர் எண்டு சொன்னீர்?”

“முப்பத்தோராம் நம்பர்.”

கிஷாந்த் தலையாட்டினார். வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடியில் அவர் நடத்தும் குடல்நல நிலையத்தில் நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். பெயரைக் கேட்டால் பிள்ளை குட்டியையும் விசாரிக்க வேண்டிவரும், நேரம் போய்விடும் என்பார்.

குடல் அழற்சியைத் தணிக்கும் பெப்டைட் என்று அவர் விற்கும் குளிசைப் புட்டிகள் கண்ணாடி அலுமாரியில் வரிசையாக நின்றன. எந்த நாட்டுச் சாமான் என்று லேபலில் இல்லை. அதைக் குடிப்பவர்கள் நாளுக்கு எத்தனை தரம் மலசலகூடத்துக்குப் போகிறார்கள், வயிறு எப்படி, உடம்பு எப்படி என்று விசாரித்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் மிதுனாவின் வேலை. அவள் சேர்ந்து இரண்டு மாதம்.

அவளுடைய அப்பா ஏழாம் நம்பர்.

இரத்தம் போகிறது என்று கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து அப்பா இந்த நிலையத்துக்கு அழைத்த அன்று ஸ்பீக்கரில் கேட்டது கிஷாந்தின் இதே குரல்தான். “அது குணமாகிற அறிகுறி ஐயா. ஆஸ்பத்திரிக் குளிசையை நிப்பாட்டிப்போட்டு இதைக் கூட்டுங்கோ.” அப்பா கூட்டினார். ஐந்தாம் கிழமை பொரளையில் அவரை எரித்தார்கள். பதிவேட்டில் ஏழாம் நம்பருக்கு நேரே, கிஷாந்தின் அழகான கையெழுத்தில், ‘தொடரவில்லை’ என்று மட்டும் இருந்தது.

அந்தச் சொல்லைப் பார்த்த நாளிலிருந்து மிதுனாவுக்கு ஒரே ஆசை. அப்பாவுக்குச் சொன்னதை இந்த மனிதர் தன் கையாலேயே எழுதித் தர வேண்டும். கோபம் அவளுக்குள் கீழேயுள்ள கடலைப்போல ஓயாமல் இரைந்தது. வெளியில் கேட்டதெல்லாம் ‘ஓம் சேர்’ மட்டும்தான்.

“ஆள் என்னவாம்?” என்று கேட்டார் கிஷாந்த்.

“தானா ஒண்டும் சொல்லார் சேர், வெக்கம் போல. நான்தான் பாத்துப் பாத்து எழுதுறன். பெல்ட்டிலை ரெண்டு ஓட்டை உள்ளுக்குத் தள்ளிப் போடுறார்.”

“நல்லதுதானே! சனம் ஜிம்முக்குக் காசு கட்டி மெலியுது. இவர் கதிரையிலை இருந்துகொண்டே மெலியிறார்.” தன் பகிடிக்குத் தானே சிரித்து, மிதுனா வழமைபோலக் காலையில் கொண்டுவந்திருந்த இலைக்கஞ்சியின் கடைசி மிடறைக் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார். “ஒரு நிமிசம், வாறன்.”

கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்துப்பட்டது. கீழே பாணந்துறை ரயில் இரைந்துகொண்டு போக, அலுமாரியில் புட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக் கிலுகிலுத்தன. மிதுனா பதிவேட்டில் ஒரு கோடு கூட்டிப் போட்டாள்.

திரும்பி வந்தவர் கதிரையில் மெதுவாகச் சாய்ந்தார். “எவ்விடத்திலை விட்டனாங்கள்? நாலு தரம், என்ன?”

“இப்ப அஞ்சு, சேர்.”

“சரியான அவசரக்காரன்.”

மிதுனா பேனாவை மேசையில் வைத்தாள். ஒரேயொரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. அப்பாவுக்காக யாரும் கேட்காத கேள்வி அது.

“ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லட்டா, சேர்?”

“விசரே உமக்கு? அங்கை போனா முதல் வேலையா எங்கட சாமானைத்தான் நிப்பாட்டுவாங்கள். இது குணமாகிற அறிகுறி. உள்ளுக்குள்ள இருக்கிற வீக்கம் கழண்டு வெளியாலை போகுது. இப்ப எத்தினை குடிக்கிறார்?”

“முதல்ல ஒண்டு. மூண்டாம் கிழமை நீங்கள் சொல்லித்தான் ரெண்டாக்கினது.”

“நாலாக்கும்.”

“எனக்குப் பயமாக் கிடக்கு சேர். உங்கட கையாலை எழுதித் தாங்கோவன்.”

“ஆற்றையோ வயிறு, நீர் ஏன் பயப்பிடுறீர்?”

ஆனாலும் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். ‘குணமாகும் அறிகுறி. நான்காகக் கூட்டவும். வேறு மருந்து வேண்டாம்’ என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். கீழே நீட்டி ஒரு கையெழுத்தும் போட்டார். மிதுனா ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா நின்றபோது, இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சு அவளிடமிருந்து மெல்ல வெளியேறியது.

“இனிப் பயமில்லைத்தானே?” கிஷாந்த் பேனாவை மூடினார். “நோயாளியிட்டையும் ஒரு கையெழுத்து வாங்கிப்போடும். நாளைக்கு ஏதும் நடந்தா எங்கட தலையிலை விழக்கூடாது.”

மிதுனா பேனாவின் மூடியைக் கழற்றி, அவர் விரல்களுக்கிடையில் திரும்ப வைத்தாள்.

“என்ன பிள்ளை? நான் வைச்சிட்டனே, இந்தா.”

இந்த இரண்டு மாதத்தில் அவள் சிரித்து அவர் பார்த்தது அதுதான் முதல்தடவை.

“அது மருந்து எழுதினவற்றை கையெழுத்து, சேர். ஆறு கிழமையா அதைக் கஞ்சியிலை குடிச்சவற்றை கையெழுத்தையும் பக்கத்திலை வையுங்கோ.”