துபாயில் ஆறு இல்லை

லண்டன் ஈஸ்ட் ஹாம் நகைக்கடையில், பட்டப்பகலிலும் எரிகிற விளக்குகளின் கீழே, பிறேமினியின் கழுத்தில் தாலிக்கொடியை வைத்து அழகு பார்க்கிறாள் அண்ணி ஷெறோன். அடுத்த மாதம் கல்யாணம். கடைக்காரர் கொட்வின் மீன் ரோல்ஸ் தட்டை நீட்ட, ஏழு மாத வயிற்றைப் பொத்திக்கொண்டு ஷெறோன் பதறி விலகுகிறாள். "ஐயோ, வேண்டாம் அண்ணை! டியூனாவிலை மெர்க்குரி இருக்காம். பிள்ளையின்ரை மூளைக்குக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்." பிறேமினிக்குச் சிரிப்பு வருகிறது; நல்ல சிரிப்பல்ல. குடும்பத்திலேயே முதல் பட்டதாரியான அவள் இந்த வாரம் முழுக்க ஆய்வுகூடத்தில் சோதித்தது, தங்கம் பிரிக்கப் பாதரசம் கொட்டுகிற ஓர் ஆற்றின் மீனைத் தின்ற கர்ப்பிணிகளின் தலைமயிரை. பாதரசத்துக்கு ஒருத்திகூடத் தப்பவில்லை. இங்கே கண்ணாடிப் பெட்டி முழுக்க மஞ்சள் மினுக்கம். மருந்துக்கும் சேற்று மணமில்லை. "இது எந்த ஆத்திலை அள்ளின தங்கம், அண்ணை?" என்று கேட்கிறாள். "துபாய்த் தங்கம், தங்கச்சி. துபாயிலை ஆறே இல்லை!" கொட்வினின் தொப்பை குலுங்குகிறது. "படிச்ச பிள்ளையின்ரை கேள்வியைப் பாருங்கோவன்," என்று ஷெறோனும் குலுங்குகிறாள். பிறேமினி கொடியைக் கழற்றுகிறாள். எண்ணெய் மினுங்கும் தட்டில், ரோல்ஸுக்குப் பக்கத்தில், அதைச் சுருட்டி வைக்கிறாள். "எனக்கும் வேண்டாம், அண்ணி. ஆரோ ஒருத்தியின்ரை பிள்ளைக்குக் கூடாதாம்."