மேப்பிள் மரத்தில் விரல் தடம்

பினாங்கிலிருந்து கப்பலில் ஊர் திரும்பிய தங்கச்சாமி, கிதாரைத் துடைத்து எண்ணெய் போட உட்கார்ந்தான். போகும்போது பளிச்சென்று வைத்துவிட்டுப் போன அதன் கழுத்தின் வெளிர் மேப்பிள் மரப் பலகை, கம்பிகளுக்கு அடியில் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது.

"விரல் பட்ட அழுக்கு இது. எவன் வந்து வாசிச்சான்?"

"யாரும் வரலீங்க" என்றாள் அவன் மனைவி அன்னக்கிளி.

"பின்னே, எலியா வாசிச்சுச்சு? நல்லா வாசிக்கிறவன் கை இது. ஆருன்னு சொல்லு, இல்லை இப்பவே ஒங்கப்பன் வீட்டுக்குக் கெளம்பு!"

அன்னக்கிளி இடது கையை நீட்டினாள். அவனுக்கு இருப்பதுபோலவே நான்கு விரல் நுனிகளும் கம்பியை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போயிருந்தன.

"முன்ன நீங்க வாசிச்சீகள்ல, அதைப் பாத்துப் பழகினது. நீங்க போனதும் வீடே சத்தமில்லாமக் கெடந்துச்சு. அதான் ஒங்க பாட்டை நானே வாசிச்சுக் கேட்டுக்கிட்டேன்."