பெண் பார்க்க வந்த சைரன்

"கடல் வருது! ஓடுங்க!"

சைரன் அலறியதுதான் தாமதம், முனாப் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தவர்கள் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். சுனாமி வந்து ஆறு வருடம், சண்டை ஓய்ந்து ஒரு வருடம். காத்தான்குடிக்காரரின் கால்கள் இன்னும் எதையும் மறக்கவில்லை. மாப்பிள்ளையின் வாப்பா அப்துல் மஜீத், அறுபது வயதில் தண்ணீர்த் தாங்கியின் உச்சிக்கே ஏறிவிட்டார். அவருடைய சாரன் மட்டும் கேற்றில் தொங்கியது.

கடல் வரவில்லை. இறங்கி, சாரனை உடுத்த பிறகு மஜீத்தான் கொந்தளித்தார்.

"ஆரோ ஃபோன்ல போட்ட சைரன் இது! இந்த வீட்டுக்குள்ள இருந்து வந்ததெண்டு தெரிஞ்சா, இனி இஞ்ச ஆரும் பொண்ணெடுக்க விட மாட்டன்!"

முனாப்பின் முகம் செத்துப்போனது. மூத்த மகள் றம்லாவுக்குக் கீழே இன்னும் இரண்டு பெண்கள்.

குசினியில் அடுப்படியோரம் நின்ற றம்லா அரிசி வாளியின் மூடியை அழுத்தி மூடினாள். அரிசி வாளிக்குள் சீனா ஃபோனை வைத்துச் சைரனை ஓடவிட்டது அவள்தான். படிப்பு முடியும்வரை கலியாணம் வேண்டாம், வந்தவர்கள் போனால் போதும் என்றுதான் நினைத்தாள். வாப்பா இப்படித் தலைகுனிந்து நிற்பார் என்று நினைக்கவில்லை.

"மகன் ஸாஹிர், நீ படிச்ச படிப்பு இதுதானே? கண்டுபிடி!" என்றார் மஜீத்.

"விடுங்க வாப்பா, ஆரோ சின்னப் புள்ளையள்..."

"என்ட சாரன் கேற்றுல தொங்கினது சின்ன விசயமாடா?"

ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை செய்யும் மாப்பிள்ளை ஸாஹிர் வேறு வழியின்றி மடிக்கணினியைத் திறந்தான். பேசிய பேச்சு பிறகு மாறக்கூடாது என்று முனாப் தன் ஃபோனை மேசையில் பதியவிட்டிருந்தார். பெண்கள் அறையில் ஸாஹிரின் தங்கை சபீனா ஃபோனில் படமெடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டிலும் சைரன் இருந்தது.

"என்னடா செய்யிறாய்?"

"ரெண்டுலயும் பள்ளிவாசல் பாங்கு கேக்குது வாப்பா. அத வெச்சு நேரத்தச் சரிப்படுத்திட்டன். இனி ஒரு சைரனுக்கு மேல மத்தச் சைரன வெச்சுத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறன். எங்க அச்சொட்டாப் பொருந்துதோ, அந்தளவுக்கு ஒரு ஃபோனுக்குச் சத்தம் பிந்தி வந்திரிக்கி. அதுல இருந்து பக்கம் தெரியும். கம்பியூட்டர் பொய் சொல்லாது."

றம்லா திரைச்சீலைக்குப் பின்னால் தெரிந்த துஆவெல்லாம் ஓதினாள்.

ஸாஹிர் திரையை இரண்டு முறை உற்றுப் பார்த்தான். டப்பென்று கணினியை மூடினான்.

"வாவிப் பக்கம் வாப்பா. ஆரோ தோணிக்காரன்."

"அல்ஹம்துலில்லாஹ்!" மஜீத் முனாப்பைக் கட்டிப்பிடித்தார். "மன்னிச்சுக்கங்க மச்சான்! வாற மாசமே கலியாணத்த வெப்பம்!"

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, தண்ணீர் கேட்கும் சாக்கில் ஸாஹிர் குசினிப் பக்கம் வந்தான்.

"குசினியெண்டுதானே கம்பியூட்டர் காட்டின?" சீலைக்குப் பின்னாலிருந்து றம்லா கேட்டாள். "ஏன் மறைச்சீங்க? சொல்லியிருந்தா, உங்களுக்கு இந்தக் கலியாணத் தொல்லையே இல்லாமப் போயிரிக்குமே?"

ஸாஹிர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"எப்படிப் புள்ள சொல்லுற? அது ரெண்டு இடத்தக் காட்டிச்சு. ஒண்டு உங்கட குசினி, மத்தது என்ட பொக்கற்!"