நேற்றைய வார்த்தை

எல்லைக் கோட்டையில் படை இருந்த காலத்தில், தினமும் விடிந்ததும் வாசல் காவலுக்கு ஒரு வார்த்தை கொடுப்பார்கள். அதை ஊருக்கும் சொல்லி அனுப்புவார்கள். அந்த வட்டாரத்தின் ஒரே கிணறு கோட்டைக்குள் இருந்தது. வார்த்தையைச் சொன்னால்தான் தண்ணீர். முதல் நாள் ஆடுகளோடு மலைக்குப் போய், இரவு அங்கேயே தங்கிவிட்டு நேரே கிணற்றுக்கு வந்த சடையாண்டிக்கு அன்றைய வார்த்தை தெரியாது. "வெள்ளரி" என்றான். "அது நேத்து வார்த்தை" என்று சொல்லிவிட்டுத்தான் காவலாளி சுட்டான்.

பிறகு யாரோ எங்கோ உட்கார்ந்து எல்லையை அறுபது மைல் தள்ளி வைத்தார்கள். கோட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. படை போகும்போது கதவைக்கூடக் கழற்றிக்கொண்டு போனது. கதவில்லாத அந்த வாசலில் சடையாண்டியின் மனைவி மாயக்காள் முப்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். கிணறு எப்போதோ தூர்ந்துவிட்டது.

ஒரு நண்பகலில் நரைத்த மீசையோடு ஒருவன் ஏறி வந்தான்.

"நான் இங்கதாம்மா காவலுக்கு நின்னேன். ஒரு தடவை உள்ள பாத்துட்டுப் போயிடறேன்."

சுட்டது நீதானா, வேறொருவனா என்று மாயக்காள் கேட்கவில்லை. எழுந்து வாசலை மறித்தாள்.

"இன்னைக்கு வார்த்தை என்ன?"

அவன் சிரித்தான். படை கிளம்பிய கடைசி நாளின் வார்த்தையை அவன் மறந்திருக்கவில்லை. முதுகை நிமிர்த்தி, குதிகால்களைச் சேர்த்து, "தராசு" என்றான்.

மாயக்காள் குனிந்து, சுவரிலிருந்து விழுந்து கிடந்த கல் ஒன்றை இரண்டு கைகளாலும் தூக்கினாள்.

"அது நேத்து வார்த்தை."